இடது கையில் நின்ற அடி

தம்பி வேப்பிலையைத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்த அன்று காலையில்தான் சிவசங்கரிக்கு விஷயம் பிடிபட்டது. மருந்துக்கு ஒரு கொழுந்து என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? கொல்லையில் மரத்தடியில் நின்றுகொண்டு, வேர்க்கடலை கொறிக்கிற மாதிரி, கொத்துக் கொத்தாக உருவி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“கசக்கலியாடா கோபி?”

“கசப்பா?” அவன் மெல்வதை நிறுத்திவிட்டு யோசித்தான். “இல்லியேக்கா. தித்திப்பாத்தான் கீது.”

எந்த ஊரில் வேப்பிலை தித்திக்கும்? சிவசங்கரிக்குத் தெரியும். அவளுக்கும் ஒரு காலத்தில் தித்தித்தது. அந்தக் கதையை அவள் தன் புருஷன் பச்சையப்பனிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிற மனுஷன். நல்லவன்தான், ஆனால் எதையும் சிரித்துத் தள்ளிவிடுவான். சிரித்துத் தள்ளுகிற விஷயமா அது?

கோபிகிருஷ்ணன் ஜாஸ் பியானோ வாசிக்கிறவன். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் இருக்கிறான். ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கேட்கிற அளவுக்குப் பெயர் எடுத்தவன். இதெல்லாம் சித்தூரில் அக்கா இருக்கும் தெருவில் ஒருத்தருக்கும் விளங்காது. “கல்யாணத்துக்கு வாசிப்பாரா?” என்று எதிர் வீட்டுக்காரி கேட்டாள். வாசிக்கமாட்டான் என்றதும் அவளுக்கு மரியாதை போய்விட்டது. திருப்பதியில் ஒரு கச்சேரிக்காக வந்திருந்தான், சொந்த ஊர்ப் பக்கத்தில் அவனுடைய முதல் கச்சேரி. அதுவரைக்கும் அக்கா வீட்டில் தங்கல்.

உங்கள் சங்கீதம் எங்கிருந்து வந்தது என்று வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் கேட்டால், நகரியில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்பான். பொய்யில்லை. நைனா கூலிக்கு விசைத்தறி ஓட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு தறி. இரண்டும் ஒன்றாகத்தான் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் ஒன்று முந்தும், இன்னொன்று பிந்தும், எங்கெங்கோ அலைந்துவிட்டு மறுபடி ஓரிடத்தில் வந்து சேரும். தொட்டில் வயசிலிருந்தே கோபிக்கு அந்தச் சேருகிற இடம் வேண்டும். கரண்ட் போய்த் தறி நின்றால் தெருவே அப்பாடா என்று கண்ணை மூடும். இவன் மட்டும் வீறிட்டு அழுவான்.

ஹைஸ்கூலுக்குப் பாகாலாவில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ரயில்வேக்காரர்கள் சீட்டாடும் கூடத்தின் மூலையில் வெள்ளைக்காரன் காலத்துப் பியானோ ஒன்று கிடந்தது. பாதிக் கட்டைகள் செத்துப்போயிருந்தன. டீ வாங்கிவந்து கொடுத்தால் தொட விடுவார்கள். சொல்லித்தர ஒரு ஆள் கிடையாது. செத்த கட்டை வருகிற இடத்தில் விரல் தாண்டிக் குதிக்கப் பழகியது. அந்தத் தாண்டலைத்தான் பின்னால் ஐரோப்பாவில் அவனுடைய தனிப் பாணி என்று கொண்டாடினார்கள். அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! திருப்பதி பஸ் ஸ்டாண்டு கடையில் பக்திப் பாட்டு அட்டைக்குள் தவறிப்போய் ஒரு கேசட் இருந்தது. யாரோ ஒரு அமெரிக்கக் கறுப்பர் பியானோ வாசித்திருந்தார். பெயர்கூடத் தெரியாது. “நம்ம தறி மாதிரியே வாசிக்கிறான்க்கா!” என்று ஊருக்கு ஓடிவந்து சொன்னான். நாடா அறுந்துபோகிறவரை அதைத்தான் கேட்டான்.

அப்புறம் சென்னையில் சினிமாவுக்குக் கீபோர்டு. அப்புறம் கப்பல். கப்பலில் வாசிக்கிறான் என்றால் ஊரில் எவனுக்குப் புரியும்? நேவியில் சேர்ந்துவிட்டான் என்றே பாதி நகரி நம்பிக்கொண்டிருந்தது. பணக்காரர்கள் சாப்பிடும்போது மூலையில் உட்கார்ந்து வாசிப்பது வேலை. கரண்டிச் சத்தத்துக்குக் கீழே ஒரு பியானோ, அவ்வளவுதான். கப்பலை விட்டு ஹாம்பர்க்கில் இறங்கிய பிறகும் அதே கதைதான். ‘வர்ணிப்பு’ என்ற அந்த ஒரு உருப்படி வந்த பிறகுதான் சாப்பிடுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

வர்ணிப்பு என்பது நம் பக்கத்து ஜாத்திரைகளில், அம்மன் திருவிழாக்களில், பம்பை மேளக்காரர்கள் அம்மனை அழைக்கிறது. பாடிக்கொண்டே அடிப்பார்கள், அடி ஏறிக்கொண்டே போகும், கடைசியில் கூட்டத்தில் யார் மேலாவது சாமி வந்து இறங்கும். கோபி அந்த அடியை அப்படியே இடது கையில் எடுத்துக்கொண்டான். வலது கை அதன் மேலே தன் இஷ்டத்துக்கு அலையும். ஏறி ஏறி, இனி தாங்காது என்கிற இடத்தில் சடாரென்று கையை எடுத்துவிடுவான். விளக்கு அணையும். முடிவு என்று ஒன்று கிடையாது. ஜனங்கள் வெறி பிடித்த மாதிரி கத்துவார்கள். வருஷக்கணக்காக எந்த ஊர்க் கச்சேரியானாலும் கடைசி உருப்படி அதுதான்.

ஜாத்திரையில் அப்படி நிறுத்தவேமாட்டார்கள். வந்த சாமியை யாரென்று கேட்கவேண்டும். அது பெயர் சொல்லவேண்டும். என்ன வேண்டுமென்று கேட்டு, கொடுத்து, அதற்கென்று இருக்கிற அடியை அடித்து மரியாதையாக அனுப்பிவைக்கவேண்டும். மலையேற்றுவது என்பார்கள். மலையேற்றாமல் பம்பையை இடுப்பிலிருந்து அவிழ்க்கிற வழக்கமே இல்லை.

ஒரு முறை அவிழ்த்தார்கள். நகரி ஜாத்திரையில் கரகம் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று இரண்டு கூட்டத்துக்குச் சண்டை. போலீஸ் தடியை எடுத்தது. பம்பைக்காரர்கள் பாதியில் போட்டது போட்டபடி ஓடினார்கள். அந்த நேரத்தில் அம்மன் வந்து நின்றிருந்தது சிவசங்கரி மேல். பத்தொன்பது வயசுப் பெண். அனுப்ப ஆளில்லாமல் அம்மன் அவள் மேலேயே நின்றுவிட்டது. அடுத்த ஜாத்திரை வரைக்கும் உட்கார்ந்தால் கால் தரையை மிதிக்கும், படுத்தால் மிதிக்கும். தூக்கம் சுத்தமாகப் போனது. நிச்சயமான கல்யாணம் நின்றது. விறகாக இளைத்து, இந்தப் பெண் தேறாது என்று சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன நிலைமை. மறுவருஷம் அதே கோஷ்டி வந்து, முறையாகக் கேட்டு, மலையேற்றிய பிறகுதான் அவள் கண்ணை மூடினாள்.

இப்போது சொல்லுங்கள், தம்பி வேப்பிலை தித்திக்கிறது என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

வந்து இறங்கிய அன்றே அவன் பாதி உடம்பாகத்தான் இருந்தான். குளிர் நாட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். ஆனால் அந்த இடது கை! வலது கை சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும், இடது கை தட்டின் விளிம்பில் அடித்துக்கொண்டிருக்கும். எண்ணெய் தேய்த்துவிட உட்காரவைத்தால் முழங்காலில் அடிக்கும். பஸ்ஸில் போனால் முன்சீட்டுக் கம்பியில் அடிக்கும். அடிக்கிறது என்று அவனுக்கே தெரியாது. விடிகாலையில் அவள் வாசல் தெளிக்க எழுந்தால் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருப்பான், விரித்த பாய் கசங்காமல் கிடக்கும். ஹெட்போன் மாட்டியிருப்பதால் இசை வெளியே வராது. கட்டைகள் அமுங்குகிற தொப்புத் தொப்பென்ற சத்தம் மட்டும் கேட்கும். வெறுங்காலால் மண்தரையை மிதிக்கிற அதே சத்தம்.

பச்சையப்பன் அவனைத் திருப்பதிக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினான். ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. தூக்க மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாள், “நல்ல மாத்திரக்கா, தெம்பா கீது” என்றான்.

“எப்போலேர்ந்துடா தூக்கமில்ல?”

“ரெண்டு மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சுகினே வந்துச்சு. இப்போ சுத்தமா இல்ல. ஆனா டயர்டே ஆவலக்கா. நா இந்த மாதிரி வாசிச்சதே இல்ல. திருப்பதில பாரு, அதிரும்!”

“அந்த வர்ணிப்ப மட்டும் வுட்டுடுடா. உனக்குப் புண்ணியமாப் போவும். ஊரு ஊரா கூப்ட்டுட்டு, அனுப்பாமயே எழுந்து வரியே, வந்தது எங்கடா போவும்?”

அவன் கைகொட்டிச் சிரித்தான். “முடிச்சுட்டா செத்துப்பூடும்க்கா அது. ஜாஸுல முடிவு முக்கியமே இல்ல. தொங்கணும். கேக்கிறவன் வூட்டுக்குப் போயும் அது அவன் மண்டைக்குள்ள ஓடிக்கினே இருக்கணும்.”

“உன் மண்டைக்குள்ள ஓடிக்கினு இருக்குது. அத்த இன்னா பண்றது?”

சிரிப்பு நின்றது. ஆனால் கோபம் வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “அத்த நா எங்க கத்துக்கினேன்னு நெனச்சே? பம்பக்காரங்ககிட்டயா? பக்கத்து ரூம்ல படுத்துகினு, வருஷம் பூரா உன் காலு மிதிக்கிறதத்தான் கேட்டுக்கினு இருந்தேன். ஹாம்பர்க்குல ஒருநா, ஒருத்தனும் கேக்காத நேரத்துல, கை தானா அத்த வாசிச்சுது. அப்போதான் முதல் முதலா ஒருத்தன் என்னத் திரும்பிப் பாத்தான். உன் காலுதான்க்கா என் இடது கை.”

அவன் பெருமையாகத்தான் சொன்னான். சிவசங்கரிக்கு உடம்பே பற்றியெரிந்தது. ஐயோ, நான் கொடுத்ததா இது! என்னை விட்டுப் போனது இவனிடம் போய் உட்கார்ந்துகொண்டதா? அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். கச்சேரி எப்படிப் போனாலும் போகட்டும், பேர் புகழ் நாசமாய்ப் போகட்டும், தம்பி பிழைக்கவேண்டும். தான் அந்த ஒரு வருஷத்தோடு தப்பித்தது அம்மன் போட்ட பிச்சை. இவன் எத்தனை வருஷமாகத் தாங்குகிறானோ.

மறுநாள் காலை அவள் செய்தது முறையில்லாத காரியம். பம்பை இல்லாமல், கற்பூரம் இல்லாமல் கேட்கவே கூடாது. கேட்டாள். தோசையை அவன் தட்டில் போட்டுவிட்டு, மேஜையில் அடித்துக்கொண்டிருந்த அந்த இடது மணிக்கட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

“யாரு வந்துகீறது?”

விரல்கள் நின்றன. அவன் அவள் கண்ணை நேராகப் பார்த்தான். கிண்டல் இல்லை, பயம் இல்லை.

“நாந்தான்க்கா. வேற யாரு?”

அவள் கையை எடுத்தாள். விரல்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

மாசிலாமணி சித்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஜாத்திரை சீசனில் பம்பை. அப்பா வைத்திருந்த கோஷ்டியை இப்போது அவர் நடத்துகிறார். கச்சேரியில் வர்ணிப்புக்குப் பம்பை அடிக்க கோபி அவரைப் பேசி வைத்திருந்தான். ‘ஜெர்மன் பார்ட்டியோட வாசிக்கிறேன்’ என்று ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கத் தம்பட்டம் அடித்து முடித்திருந்தார். சிவசங்கரி போனபோது ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“மாசிலாமணிண்ணா, கச்சேரில கடைசியா நீ மலையேத்தணும்.”

“தம்பி வேணாம்னுச்சேம்மா. ஏத்தி வுட்டு டக்குனு நிறுத்திடணும், லைட் ஆஃப் ஆவும்னுச்சு. எனக்கும் அது ஒரு மாதிரியாத்தான் இருக்குது. ஆனா ஸ்டேஜ்தானே, ஜாத்திரையா இன்னா?”

“அவன் மேல நிக்குதுண்ணா.”

மாசிலாமணி துணியைப் பக்கெட்டில் போட்டார். “நல்லாப் பாத்தியா?”

“எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?”

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“பேரு சொல்லுச்சா?”

“நாந்தான்னு சொல்லுச்சு.”

அவர் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து, ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “அப்போ வுட்டுடு தங்கச்சி.”

“இன்னாண்ணா இப்டி சொல்ற!”

“நானும் எத்தினியோ பேரக் கேட்டுகீறேன். கங்கம்மான்னு சொல்லும், முனீஸ்வரன்னு சொல்லும், செத்துப்போன சித்தப்பன்னுகூட சொல்லும். நாந்தான்னு எதுவும் சொன்னதில்ல. நாந்தான்னு சொன்னா அது அவன்தான். அதுல அனுப்பறதுக்கு இன்னா கீது?”

“அது பொய் சொல்லுதுண்ணா! என் மேல நின்னப்போ நானுந்தான் நல்லாகீறேன், நல்லாகீறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன். எலும்பும் தோலுமா கெடந்தேன்.”

“இருக்கலாம். எனக்குத் தெரியாது. பேரு தெரியாம நா அடிச்சேன்னா, எது போவும், எது நிக்கும்னு சொல்ல முடியாதும்மா. பம்பைக்கு ஆளத் தெரியுமா? கெளம்புன்னா, உள்ள இருக்கிறது அத்தினியும் கெளம்பிடும்.”

“உசுரு இருக்குமா?”

“உசுருக்கு ஒண்ணும் ஆவாது.”

“அது போதும் எனக்கு.”

“போதுமான்னு நல்லா யோசிச்சுக்கோ” என்றார் மாசிலாமணி. “நா அடிக்கலம்மா. என்ன வுட்டுடு.”

அவள் விடவில்லை. முப்பது வருஷமாக வாயைத் திறந்து கேட்காததைக் கேட்டாள். “அன்னிக்கு என்ன நடுத்தெருவுல நிக்க வுட்டுட்டு ஓடினது யாருண்ணா? உங்க நைனாவும் நீயுந்தானே? அந்த ஒரு வருஷத்த நீ திருப்பிக் குடுப்பியா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆட்டோவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சரி என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் அவள் திரும்பி நடக்கும்போது, “நீ முன் வரிசையில உக்காரு, எனக்குக் கண்ணுக்குத் தெரியணும்” என்றார்.

திருப்பதி அரங்கத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. கச்சேரிக்கு ஏற்பாடு செய்த ரமணா வாசலுக்கே வந்து வரவேற்றார். “ரண்டி அக்கா, ரண்டி! மீ தம்முடு சால பெத்த ஆர்ட்டிஸ்ட்டு” என்று தெலுங்கில் தம்பியைப் புகழ்ந்து, அவளையும் பச்சையப்பனையும் முன் வரிசையில் உட்காரவைத்தார். பச்சையப்பன் புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு அரங்கத்தின் ஏசியைப் புகழ்ந்தான். அவனிடம் அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கோபி வந்து உட்கார்ந்தான். அவள் அவனை மேடையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு கையும் ஒன்றாகக் கிளம்பின. கொஞ்ச நேரத்தில் ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது. அட, நம்ம தறி! அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஜாஸ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் விரல் செத்த கட்டையைத் தாண்டுவது தெரிந்தது, பாகாலா ஸ்டேஷனில் வண்டி மாறுவது தெரிந்தது, நைனா இருமுவதுகூடக் கேட்டது. இவ்வளவையும் இவன் எங்கே வைத்திருந்தான்? என் தம்பி, என் தம்பி என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவள் தெலுங்கில் பாராட்டியது காதில் விழவில்லை.

கடைசி உருப்படிக்கு மாசிலாமணி பம்பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம். முகம் செத்திருந்தது.

இடது கை ஆரம்பித்தது. சிவசங்கரி செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்திக்கொண்டாள். பம்பை சேர்ந்துகொண்டது. அடி ஏறியது. அரங்கத்தில் இருமல் சத்தம், செல்போன் வெளிச்சம் எல்லாம் நின்றுபோயின. ஏறிக்கொண்டே போனது. எங்கோ பின்வரிசையில் ஒரு பெண் வீலென்று கத்தினாள். இனி தாங்காது என்கிற இடத்தில் கோபி கையை எடுத்தான். விளக்கு அணைந்தது.

பம்பை நிற்கவில்லை.

இருட்டில் அது வேறு அடிக்கு மாறியது. மெதுவான, கனமான அடி, யாரோ ஒவ்வொரு படியாக எடுத்துவைத்துப் போகிற மாதிரி. விளக்குக்காரன் குழம்பிப்போய் விளக்கைப் போட்டுவிட்டான். கோபி மாசிலாமணியை முறைத்துக்கொண்டிருந்தான். மாசிலாமணி கண்ணை மூடி அடித்துக்கொண்டிருந்தார். அப்போது கோபியின் இடது கை தானாகக் கட்டைகளின் மேல் விழுந்தது. அழைக்கிற அடியை அது மறுபடி அடித்தது. பம்பை போ என்றது, கை வா என்றது. வலது கையும் சேர்ந்துகொண்டது. அந்த மாதிரி ஒரு வாசிப்பை அந்த அரங்கம் கேட்டதில்லை, இனிக் கேட்கப்போவதுமில்லை. அவனே எங்கும் வாசித்ததில்லை. வேர்த்துக் கொட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு, உசிருக்குப் போராடுகிறவன் போல வாசித்தான்.

முதலில் வலது கை ஓய்ந்து மடியில் விழுந்தது. இடது கை மட்டும் தனியாக அடித்தது. நடுவில் ஒரு அடி விட்டுப்போனது. அப்புறம் இரண்டு விட்டுப்போயின. கோபி தலையைத் திருப்பி முன் வரிசையில் தேடினான். அவளைக் கண்டுபிடித்தான். அவள் சொல்லாமல் மாசிலாமணி இதைச் செய்யமாட்டார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் உதடு அசைந்தது.

‘அக்கா. வேணாம்.’

மாசிலாமணியும் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவள் கையை உயர்த்தியிருந்தால் போதும், பம்பை நின்றிருக்கும். அது கெஞ்சும், எனக்குத் தெரியும், போகிற நேரத்தில் கெஞ்சத்தான் செய்யும் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நான்கூடக் கெஞ்சினேனே. அடி என்று தலையை அசைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இடது கை நின்றது.

ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். “அத்புதம்! அத்புதம்!” என்று ரமணா மேடையில் ஏறி அவனைக் கட்டிக்கொண்டார். கோபி எல்லோரையும் பார்த்து, தூக்கத்திலிருந்து எழுப்பிய ஆள் போல, மெல்லச் சிரித்தான். மாசிலாமணி பம்பையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் ஆட்டோ அந்தத் தெருப்பக்கமே வந்ததில்லை.

சித்தூர் வரும் வழியெல்லாம் கோபி காரில் அவள் தோளில் சாய்ந்து தூங்கினான். வீட்டில் பாயில் விழுந்தவன் மறுநாள் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. சிவசங்கரி பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல் அசையவில்லை. அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். எதிர் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். எழுந்தவன் பசிக்குது என்றான், வயிறாரத் தின்றான், மறுபடி தூங்கினான். கன்னம் நிரம்பியது. தெருவில் போகிறவர்களிடம் நின்று பேசினான். பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி பிழைத்துவிட்டான்! போன உயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்!

கீபோர்டின் மேல் பச்சையப்பன் துணி மடித்து வைக்க ஆரம்பித்தான். கோபி ஒன்றும் சொல்லவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து போன் வந்தால் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். திரும்பிப் போகும் தேதி வந்து, போயும்விட்டது. முதலில் இது நல்லதுக்குத்தான் என்று இருந்தாள். அப்புறம் ஒருநாள் துணிகளை எடுத்து வைத்துவிட்டு, “ஏதாச்சும் வாசிடா கோபி, கேட்டு நாளாச்சு” என்றாள்.

உடனே உட்கார்ந்தான். சொன்னதைச் செய்கிற பிள்ளை மாதிரி. வாசித்தான். ஒரு தப்பு இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. பாதியில் நிறுத்தினான்.

“கை நோவுதாடா?”

“இல்லியேக்கா. கை நல்லாத்தான் கீது.”

“அப்பறம் இன்னா?”

“ஒண்ணும் தோணல.” அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவனே அவளைத் தேற்றினான். “வுடுக்கா, இத்தினி வருஷம் வாசிச்சாச்சே, போதும். மாமா ஃபேக்டரில மாம்பழ சீசனுக்கு கேட்டுல ஆள் வேணுமாம். லாரி எண்ட்ரி போடணும். போவட்டுமா?”

அவனுக்கு வருத்தமே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அழுதிருந்தால், அவளைத் திட்டியிருந்தால், ஏன்க்கா இப்படிச் செய்தாய் என்று கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். ஃபேக்டரிக்குப் போனான். லாரிக்காரர்களோடு தெலுங்கில் வம்படித்தான். சாயங்காலம் மாமனும் மச்சானும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். “உன் தம்பி இப்போதான்டி மனுஷனா கீறான்” என்று பச்சையப்பன் சந்தோஷப்பட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரமணா கச்சேரி வீடியோவை அனுப்பியிருந்தார். கோபி கட்டிலில் படுத்திருந்தான். சிவசங்கரி போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். பாருடா, இதைப் பார்த்தாவது உனக்கு ஏதாவது ஆகாதா!

கொஞ்ச நேரம் பார்த்தான். வீடியோவில் தறி வந்து போயிற்று, பாகாலா வந்து போயிற்று.

“நல்லாத்தான் வாசிச்சுகீறேன்” என்றான். “சத்தம் கம்மி பண்ணேன்க்கா, தூக்கம் வருது.”

கையிரண்டையும் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவன் வலது கை மடியில் விழுந்தது. அவன் தலையைத் திருப்பி அவளைத் தேடினான். இந்த முறை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அது சாமியின் முகம் இல்லை. பிசாசின் முகமும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்துப் பியானோவைத் தொட்ட அவள் தம்பி கோபியின் முகம். நாந்தான் என்று அவன் சொன்னது நிஜம். அவன்தான் வேண்டாம் என்று அவளைக் கெஞ்சினான்.

அவள் மார்பில் அடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். என் ராசா, என் தங்கமே, உன்ன நானே அனுப்பிட்டேனே என்று, எழவு வீட்டில் அழுகிற மாதிரி, தெருவெல்லாம் கேட்க ஒப்பாரி வைத்தாள். பச்சையப்பன் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தான். எதிர் வீட்டுக்காரி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள்.

கட்டிலில் கோபி பதறி எழுந்து உட்கார்ந்தான். நன்றாகத் தூங்கிய கண், பாவம், சிவந்திருந்தது. அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அன்பாக, நிஜமான கவலையோடு கேட்டான்.

“இன்னாக்கா? யாருக்கா பூட்டாங்க?”